பனி ஏன் சாம்பலாய் வந்தது?

மொன்ட்ரியால்-நோரில் முதல் பனி விழுந்த அன்று, அம்மம்மாவைக் கறுப்பு-வெள்ளை பிலிமில் படம் எடுத்தோம். படத்தில் பனி சாம்பல் நிறம், அம்மம்மாவின் முகம் ஒரே இருட்டு! பிழை படம் எடுத்ததிலா, பிலிம் கழுவினதிலா?

நெகட்டிவில் ஒளி பட்ட இடம்தான் கறுக்கும். அதன் ஓரத்தைப் பாருங்கோ. அங்கே உள்ள எண்களைத் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்துவிடுவார்கள். அவை மங்கலாக இருந்தால், பெரும்பாலும் கழுவினதில்தான் பிழை. எங்கள் நெகட்டிவில் எண்கள் நல்ல கறுப்பு. முகம் இருந்த இடமோ கண்ணாடி மாதிரி வெறுமை. படம் எடுக்கும்போது ஒளி போதவில்லை!

கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளைப் பனியைக் கண்டால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று ஏமாந்துபோகும், பாவம். அது 1/500 செக்கன் என்று சொன்னால், நீங்கள் 1/250 அல்லது 1/125 வையுங்கோ. ஒளி 2 அல்லது 4 மடங்காகும்.

அடுத்த பனிக்கு அம்மம்மா இப்பவே கோட் எடுத்து வைத்திருக்கிறா.