எனக்கு வெக்கை, அவருக்குக் குளிர்

இந்த விடயத்தை எழுதலாமா, விடலாமா என்று பல நாட்கள் யோசித்தேன். படுக்கையறைச் சங்கதியைப் பத்திரிகையில் எழுதுவதா என்று என் மனமே என்னைத் தடுத்தது. ஆனால் ஒருநாள் எங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டம் முடிந்து நாலைந்து பேர் மர நிழலில் இருந்து கதைத்தபோது, எல்லோர் வீட்டிலும் இதே பிரச்சினை இருப்பது தெரியவந்தது. ஒருத்தியின் கணவர் யன்னலைத் திறக்கவே விடமாட்டார். இன்னொருத்திக்கு மார்கழியிலும் மின்விசிறி வேண்டும். அவளது கணவர் தலையோடு போர்த்திக்கொண்டு படுப்பார். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் என் வீட்டில் அது சிரிப்பாக இருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அது எனக்கும் என் கணவருக்கும் இடையில் ஒரு சுவரைப் போல நின்றது. அந்தச் சுவர் எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது என்பதைச் சொன்னால் யாராவது ஒரு சகோதரிக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பங்கரிலிருந்து கட்டிலுக்கு

2009ஆம் ஆண்டு பங்குனி மாதம் என் கணவருக்கு ஷெல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அந்த நாட்களில் பங்கருக்குள் ஆளோடு ஆள் ஒட்டிக் கிடந்தோம். வெக்கை என்றும் குளிர் என்றும் யார் பார்த்தது? பிறகு செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே வெந்தோம். 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பிவந்து தகரக் கொட்டிலில் இருந்தோம். 2013இல்தான் இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்து, இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டைக் கட்டி முடித்தோம். கலியாணம் செய்து 14 வருடங்களின் பின், கதவு வைத்த ஓர் அறையில் எங்களுக்கென்று ஒரு கட்டில் போட்டோம். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தக் கட்டிலை விட்டுத்தான் நான் ஒருநாள் எழுந்து போனேன்.

இரவில் வந்த சூடு

எனக்கு 48 வயது நடக்கும்போது மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரத் தொடங்கியது. கொஞ்ச நாளில் இரவுகளில் ஒரு சூடு வந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று ஏறும். நெஞ்சு படபடக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டை தோய்ந்துவிடும். அது அடங்கியதும் உடம்பு சில்லென்று நடுங்கும். நான் அதைப் பயம் என்று நினைத்தேன். சண்டைக் காலத்தில் பட்டது இப்போதுதான் உடம்பில் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சூடு வந்தால் எழும்பி மின்விசிறியைப் போடுவேன். அவர் உடனே, “நிப்பாட்டும், குளிருது” என்பார். வைகாசி மாதத்திலும் அதே சொல்தான். எனக்குக் கோபம் வரும். “இந்த வெக்கையிலை உங்களுக்கு மட்டும் எங்காலை குளிர்?” என்று கேட்பேன். அவர் பதில் சொல்லாமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பார். விசிறியை நான் போடுவதும் அவர் நிறுத்துவதுமாக இரவுகள் போயின.

2022ஆம் ஆண்டு பங்குனிக் கடைசியில் நாட்டில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில்தான் விடயம் முற்றியது. மின்சாரம் இல்லை, விசிறியும் இல்லை. நான் தலகணியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், வெறும் சீமெந்து நிலத்தில் படுத்தேன். நிலத்தின் குளிர்ச்சி முதுகில் படப் பெரும் ஆறுதலாக இருந்தது. மின்வெட்டு நின்ற பிறகும் நான் கட்டிலுக்குத் திரும்பவில்லை. விசிறிச் சண்டை முடிந்தது என்று நினைத்தேன்.

“அம்மா, அப்பாவோடை கோவமோ?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். “வெக்கையடி பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். மகளிடம் சொன்ன அந்த ஒரு சொல்லைக்கூட அவரிடம் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை.

புண் சொன்ன செய்தி

சில மாதங்களில் அவரது நடை மாறியது. காலை ஊன்றும்போது முகத்தைச் சுளிப்பார். கேட்டால் “ஒண்டுமில்லை” என்பார். ஒருநாள் கிணற்றடியில் பார்த்தபோது, வெட்டிய காலின் நுனியில் சிவந்து புண்ணாகி நீர் வடிந்தது. கட்டாயப்படுத்தி வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து கட்டிய தாதி, “ஐயா, இரவிலை செயற்கைக் காலைக் கழற்றுறனீங்கள்தானே?” என்று கேட்டார். அவர் நிலத்தைப் பார்த்தார். பல மாதங்களாகக் காலைக் கழற்றாமலேயே படுத்திருக்கிறார். வியர்வையும் உரசலும் சேர்ந்து தோலைத் தின்றிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிருமி ஏறி, மிச்சம் இருக்கும் காலையும் மேலே வெட்ட வேண்டி வந்திருக்கலாம் என்று தாதி சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேநீர் கொடுத்துவிட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “ஃபான்தான் பிரச்சினை எண்டு நினைச்சன். கரண்ட் இல்லாத நாளிலையும் நீர் எழும்பிப் போனீர். அப்ப ஃபான் இல்லை, நான்தான் பிரச்சினை எண்டு விளங்கிச்சு. வெட்டின காலைப் பாக்க உமக்கு அருவருப்பாய் இருக்கும். ராவிலை தண்ணி குடிக்க வரேக்கையும் நீர் அதைப் பாக்கக் கூடாது எண்டுதான் கழற்றேல்லை.”

எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. மருந்துக்கு வழியில்லாத நாளில் அந்தக் காலைச் சேலைத் துணி கிழித்துக் கட்டியவள் நான். எனக்கா அருவருப்பு? அழுதுகொண்டே என் உடம்பில் நடப்பதையெல்லாம் சொன்னேன். “இதை ஏன் முந்தியே சொல்லேல்லை?” என்றார். “பொம்பிளையளின்ரை விசயம், உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது?” என்றேன். அப்போது அவரும் தன் பக்கத்தைச் சொன்னார். விசிறிக் காற்றுப் பட்டால் இல்லாத அந்தப் பாதம் ஐஸ் கட்டியில் வைத்தது போலக் குளிர்ந்து, பிறகு வலி இழுக்குமாம். “இல்லாத கால் குளிருது எண்டு சொன்னால் விசர் எண்டு நினைப்பீர்” என்றார்.

ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேர், இரண்டு உண்மையை ஆளுக்கொரு பக்கமாக மறைத்து வைத்திருந்தோம்.

வைத்தியர் சொன்ன விளக்கம்

அடுத்த கிழமை மருத்துவமாது சொன்னபடி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் ‘வெல் வுமன் கிளினிக்’குக்குப் போனேன். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து என்பவற்றை அங்கே பணம் வாங்காமல் பரிசோதிக்கிறார்கள். அங்கிருந்த வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

எங்கள் மூளையில் உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதி இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறையும்போது அந்தப் பகுதிக்குச் சகிப்புக் குறைந்துவிடும். உடம்புச் சூடு சிறிது ஏறினாலும், பெரிதாக ஏறியது போல எண்ணி இரத்தத்தைத் தோலுக்குத் தள்ளி வியர்க்க வைக்கும். இது பயமும் இல்லை, நோயும் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு வரும். பலருக்குச் சில வருடங்கள் நீடிக்கும். தாங்க முடியாதவர்களுக்கு ஹோர்மோன் சிகிச்சையும் வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் மார்புப் புற்றுநோய், இரத்தம் கட்டுதல் போன்றவை வந்தவர்களுக்கு ஹோர்மோன் ஒத்துவராது. ஆகவே வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இளம் பெண்களுக்கும் இது பொருந்தும். சூல் முட்டை வெளியான நாளிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை பெண்ணின் உடல் வெப்பம் ஏறக்குறைய அரைப் பாகை கூடியே இருக்கும். ஆகவே ஒரே பெண்ணுக்கு ஒரு கிழமை குளிரும், மறு கிழமை வெக்கையாக இருக்கும்.

கணவரின் குளிருக்கும் காரணம் இருந்தது. கால் போனாலும் அந்தக் காலுக்குரிய நரம்பும் மூளையில் அதற்குரிய இடமும் போவதில்லை. அதனால்தான் இல்லாத பாதம் குளிர்கிறது, கடிக்கிறது, வலிக்கிறது. இது விசர் இல்லை. கால் இழந்தவர்களில் மிகப் பலருக்கு இருக்கிறது.

எல்லாக் குளிரையும் வெக்கையையும் வயதில் போட்டுவிடவும் கூடாது. எப்போதும் குளிர்ந்தால் இரத்தச்சோகை அல்லது தைரொயிட் குறைபாடு இருக்கலாம். எப்போதும் வெக்கை, கை நடுக்கம், உடம்பு மெலிதல் என்றால் தைரொயிட் கூடியிருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு இரவில் உள்ளங்கால் எரியும். இரவில் சீனி இறங்கினாலும் வியர்த்துக்கொட்டும். இரவு வியர்வையோடு இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மெலிவு என்றால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனநோய்க்கு எடுக்கும் சில குளிசைகளும் வியர்வையைக் கூட்டும். ஆனால் அதற்காகக் குளிசையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. கெட்ட கனவு கண்டு வியர்த்து எழும்புபவர்கள் எங்களுக்குள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மருத்துவ உதவி உண்டு.

நாங்கள் செய்த ஒழுங்கு

பெரிய செலவு எதுவும் செய்யவில்லை. ஒரே போர்வையை இரண்டு பேரும் இழுப்பதை விட்டு, ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொண்டோம். அவருக்குத் தடித்தது, எனக்குப் பழைய நூல் சேலை. நான் யன்னல் பக்கம் மாறினேன். மேசை விசிறியை என் கால்மாட்டில் வைத்து, காற்று என் பக்கம் மட்டும் வரும்படி திருப்பினேன். அவர் படுக்கும்போது செயற்கைக் காலைக் கழற்றி, வெட்டிய காலைக் கழுவித் துடைத்து, இறுக்கமில்லாத நூல் காலுறை போடுகிறார். குளிர் காற்றுப் படாததால் வலி இழுப்பதும் குறைந்தது.

ஸ்பொஞ் மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். ஆகவே என் பக்கத்தில் மெத்தைக்கு மேல் ஒரு பன்பாய் விரித்தேன். நைலோன் இரவுச் சட்டையை விட்டுப் பருத்திச் சட்டைக்கு மாறினேன். மாற்றுச் சட்டை ஒன்றும் ஈரத் துவாய் ஒன்றும் தலைமாட்டில் இருக்கும். இரவுச் சாப்பாட்டில் உறைப்பைக் குறைத்தேன். பின்னேரத்துக்குப் பின் சாயத் தேநீரை விட்டேன்.

2022 ஆவணியில் மின் கட்டணம் ஒரேயடியாக ஏறிய பின் விசிறி போடவே பலர் பயந்தார்கள். 60 வாட் விசிறி 8 மணிநேரம் ஓடினாலும் அரை அலகு வராது. நித்திரை கெட்டு அடுத்த நாள் வேலை கெடுவதோடு பார்த்தால் அது பெரிய செலவல்ல. தகரக் கூரையில் இருப்பவர்கள் மேலே கிடுகு பரப்பினால் வெக்கை நன்றாகக் குறையும். நெருப்புக்கு மட்டும் கவனம் வேண்டும்.

ஆண் துணை இல்லாத வீடுகளில் பயத்தினால் யன்னலைப் பூட்டிப் புழுங்கிக் கிடக்கும் சகோதரிகளை நான் அறிவேன். ஒரு யன்னலுக்காவது இரும்புக் கம்பியும் நுளம்பு வலையும் அடித்துத் திறந்து வையுங்கள். சங்கத்தில் கடன் எடுக்கும்போது அதையும் ஒரு தேவையாகச் சேருங்கள். தாயோடும் மகளோடும் ஒரே பாயில் படுப்பவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும். முதிய தாய்க்குக் குளிரும், உங்களுக்கு வெக்கையாக இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

கடைசியாக ஒன்று

சூடு கூடிய இரவுகளில் இப்போதும் நான் கூடத்து நிலத்தில் போய்ப் படுப்பதுண்டு. வேறு இடத்தில் படுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. முன்பு சொல்லாமல் போனேன். இப்போது “இஞ்சருங்கோ, எனக்குச் சூடு ஏறுது, கொஞ்சம் நிலத்திலை படுத்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவர் “தலகணியைக் கொண்டு போம்” என்பார். அவரது புண் ஆறிவிட்டது.

இவ்வளவு இழப்புக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியிருக்கும் உறவுகள் கொஞ்சம். அவற்றை ஒரு விசிறிக்கும் ஒரு போர்வைக்கும் பறிகொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் யன்னலுக்கோ விசிறிக்கோ ஒரு வழக்கு இருந்தால், இன்றிரவு விளக்கை அணைக்க முன் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்: “உங்களுக்கு உண்மையிலை என்ன செய்யுது?” கேட்ட பின் உங்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்லுங்கள்.