வண்ணத்துப் பூச்சிகளை எளிய காமிராவினாற் படம் பிடித்தல்

வண்ணத்துப் பூச்சிகளை வலையிற் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கிவைத்து ஆராய்வதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணைகளிற் கண்ட பல இனங்களைப் பிடிப்பதைத் தடை செய்தது. ஆகவே, ஓரிடத்தில் எந்தெந்த இனங்கள் உள்ளன என்பதற்கு இன்று பெரும்பாலும் புகைப்படமே சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சிறிய காமிராவோ கைபேசியோ போதும். ஆனால், இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் படத்தில் அழியாதிருத்தல் வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் கூறலாம். இந்தியாவிற் பல பகுதிகளிலும் காணப்படும் காமன் ரோஸ் என்னும் பூச்சி, கரிய சிறகுகளும், பின்சிறகில் வெண்திட்டும், ஓரத்திற் சிவந்த புள்ளிகளும் உடையது. இதன் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி போன்ற செடிகளைத் தின்று வளர்வதால், அவற்றின் நஞ்சு பூச்சியின் உடலிலும் தங்குகிறது. பறவைகள் இதனைத் தின்னாது விலக்குகின்றன. காமன் மார்மன் என்னும் வேறோர் இனத்துப் பெண்பூச்சிகளுட் சில, இதே கோலத்தைப் பூண்டு பிழைத்துக்கொள்கின்றன. அவற்றின் புழுக்களோ கறிவேப்பிலை, எலுமிச்சை முதலியவற்றைத் தின்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உடலின் நிறமே. ரோஸின் உடலிற் சிவப்பு துலங்கும். மார்மனின் உடல் கறுப்பு. சிறகின் அழகில் மயங்கி உடலைக் கவனியாது எடுத்த படத்தினால், கறிவேப்பிலைச் செடியில் வளர்ந்த பூச்சி ரோஸ் என்று பதிவேட்டில் ஏறிவிடும். அதைக் கொண்டு, ஆடுதீண்டாப்பாளையே இல்லாத இடத்தில் அது உண்டெனக் கருதவும் நேரிடும்.

பூச்சி வெயிலில் உடல் சூடேறிய பின்னரே நன்கு பறக்க வல்லது. ஆதலின், காலையில் அது சிறகை விரித்து வெயில் காயும் வேளையே படம் பிடிக்க ஏற்றது. ஈரமண்ணில் உப்புச்சத்தை உறிஞ்சும் பூச்சிகளும் எளிதில் அசையா. முதலில் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட்டு, பின்னர் மெல்லக் குனிந்து நெருங்குதல் நலம். எடுப்பவரின் நிழல் பூச்சியின்மேல் விழலாகாது. காமிராவின் முகம் சிறகின் பரப்புக்கு நேராக இருந்தால் முழுச்சிறகும் தெளிவாக விழும். மேற்புறம், அடிப்புறம், பக்கவாட்டில் உடல் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஐயமில்லை. கண்ணைப் பூச்சியின்மேல் வையாமல் பொத்தான்களிற் செலுத்துவோர் வெறும் பூவைப் படம் பிடித்து வருவதும் உண்டு!

இனி, படத்தைச் சிறிதாக்கி அனுப்புவதைக் காண்போம். மிகுந்த பிழைகள் நேர்வது இங்கேதான். குறுக்கே 4000, நெடுக்கே 3000 பிக்ஸல் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் நுண்புள்ளிகள் உள்ளன. சிறகு விரிப்பு 90 மில்லிமீட்டர் உள்ள பூச்சி, அப்படத்தின் அகலத்தில் ஐந்திலொரு பங்கை, அதாவது 800 பிக்ஸலை, அடைத்திருப்பதாகக் கொள்வோம். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிவந்த புள்ளி அதில் சுமார் 27 பிக்ஸல் பெறும். முழுப்படத்தையும் 1200 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கினால் அப்புள்ளிக்கு 8 பிக்ஸலே எஞ்சும். மாறாக, பூச்சியைச் சுற்றி 1600-க்கு 1200 அளவில் முதலில் வெட்டியெடுத்து, அதன்பின் 1200-க்கு 900 ஆகச் சுருக்கினால் அதே புள்ளிக்கு 20 பிக்ஸல் கிடைக்கும். அனுப்பும் படத்தின் அகலமோ இரண்டிலும் ஒன்றே. முன்னர் வெட்டுதல், பின்னர் சுருக்குதல் என்னும் வரிசை மாறலாகாது. அகலமும் உயரமும் ஒரே விகிதத்திற் குறையவேண்டும். இன்றேல் சிறகின் வடிவமே திரிந்துவிடும்.

ஜேபெக் முறையிற் சேமிக்கும்போது நுட்பங்கள் ஓரளவு இழக்கப்படுகின்றன. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு பெருகும். இம்முறையிற் பெரும்பாலும் ஒளியின் ஏற்றத்தாழ்வைவிட நிறமே குறைந்த நுட்பத்துடன் பதிவதால், கறுப்பின்மேல் உள்ள மெல்லிய சிவப்பு எளிதில் மங்கும். ரோஸுக்கும் மார்மனுக்கும் உள்ள வேறுபாடே அச்சிவப்புதான். ஆகவே மூலப்படத்தைத் தொடாமற் பாதுகாத்து, பிரதியிலேயே மாற்றங்கள் செய்க. வாட்ஸப் போன்ற செயலிகள் படத்தை மேலும் சுருக்கக்கூடும்; இனங்காணும் பொருட்டு அனுப்புவதாயின் அதனைக் கோப்பாக இணைத்து அனுப்பவேண்டும். படத்துடன் மறைவாகப் பதிந்திருக்கும் நாளும் இடமும் வழியில் நீங்கிவிடுவதுண்டு. அவற்றையும், அருகிலிருந்த செடியின் பெயரையும் தனியே எழுதியனுப்புக.