எதிரணிக்கு நேர்ந்த தண்டனை



அமெரிக்கர் கால்பந்து என்று கூறுவது நாம் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிற் பற்றி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. காலுக்கு வேலை குறைவு. பெயரிட்டவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை போலும்! அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இவ்வாட்டத்தைத் தம் பெருமையாகக் கருதுவன. ஆதலால், உயர்நிலைப் பள்ளியில் திறம் காட்டும் இளைஞரை உபகாரச் சம்பளம் அளித்துச் சேர்த்துக்கொள்ளப் போட்டியிடுகின்றன. ஒரு பல்கலைக்கழகம் விதியை மீறித் தண்டனை பெற்றால், அதன் போட்டியாளருக்கு ஆதாயம் உண்டா? இதுவே நாம் இன்று ஆராய்வது.

டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் உள்ளது. 1980-களின் தொடக்கத்தில் அதன் அணி நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக விளங்கிற்று. ஆயின், செல்வந்தரான ஆதரவாளர் வீரர்க்கு மறைவாகப் பணம் கொடுத்து வந்தனர். (2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்க்கு நேரே பணம் தரலாம், அன்றோ அது பெருங்குற்றம்.) 1985-இல் தண்டிக்கப்பட்ட பின்னரும் பதின்மூன்று வீரர்க்கு ஏறத்தாழ 61,000 டாலர் கைமாறியது வெளிப்பட்டது. 1987 பிப்ரவரியில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வாண்டு ஆட்டங்கள் அனைத்தையும் நீக்கியது. நான்காண்டுகளில் 55 புதிய உபகாரச் சம்பளங்களையும் பறித்தது. 1988-இல் ஆடுவதைப் பல்கலைக்கழகமே கைவிட்டது.

ஒரு மாணவன் கல்லூரியில் நான்கு பருவங்களே ஆடலாம் என்பது அக்கால விதி. அவற்றுள் இரண்டு வீணாகுமெனில் அவன் என் செய்வான்? எஞ்சியிருந்த வீரர், காத்திருப்பு ஆண்டு இன்றியே வேறிடம் செல்ல அனுமதி பெற்றனர். பிற பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் உடனே டல்லாஸில் வந்து குவிந்தனர். வெளியேறிய மாணவரை நன்றியற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பணம் கொடுத்தவர் வேறு, பருவத்தை இழந்தவர் வேறு.

1989-இல் பெரும்பாலும் புதுமுகங்களைக் கொண்டு அவ்வணி மீண்டும் களமிறங்கிற்று. ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி அதனை 95-21 என்று வென்றது. வியப்பு யாதெனில், அவ்வாண்டு ஹூஸ்டனும் தண்டனைக்கு உட்பட்ட அணியே! தொலைக்காட்சியில் தோன்றவோ, பருவ முடிவின் சிறப்பாட்டத்தில் கலந்துகொள்ளவோ அதற்கு உரிமையில்லை. எனினும் அதன் வீரர் கலையவில்லை. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் பரிசை அவ்வணியின் ஆண்ட்ரே வேர் அவ்வாண்டே பெற்றார். பரிசை மறுக்கும் தண்டனையினும் ஆளைக் குறைக்கும் தண்டனையே அணியை அழிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

போட்டியாளர் பெற்ற ஆதாயமோ நெடுநாள் நிற்கவில்லை. இவ்விரு அணிகளும் சேர்ந்திருந்த தென்மேற்குக் கூட்டமைப்பில் பெரும்பாலான கல்லூரிகள் அப்பத்தாண்டிலேயே தண்டனைக்கு உள்ளாயின. ஆர்கன்ஸா பிரிந்து சென்றது. 1996-இல் கூட்டமைப்பே கலைந்தது. டல்லாஸ் அணி மீண்டும் ஒரு சிறப்பாட்டத்தில் ஆடியது 2009-இல்தான்.

அதன்பின் பெரிய கால்பந்து அணி எதனையும் ஒரு பருவம் முழுதும் நிறுத்த அச்சங்கம் முற்படவில்லை. 2012-இல் பென்ஸில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டபோது சிறப்பாட்டமும் உபகாரச் சம்பளங்களுமே குறைந்தன, ஆட்டம் நிற்கவில்லை. அங்கும் பிற பயிற்சியாளர் வந்து அழைத்தனர். சிலர் சென்றனர், பெரும்பாலோர் தங்கினர். அப்பருவத்தில் அவ்வணி எட்டு ஆட்டங்களில் வென்று, நான்கில் தோற்றது.