மேசைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும்?

செர்காம்: மாலை ஆறரை மணி. வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. ஆனால், தாமான் வரிசை வீட்டின் நடு அறையில் விளக்கைப் போடாமல் எழுத்து தெரியாது. முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே சன்னல் உள்ள வீடுகளில் நடு அறையின் நிலைமை இதுதான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அப்படிப்பட்ட ஓர் அறைதான் பலருக்கு அலுவலகமானது. ஆணை போய்விட்டது, மேசை அங்கேயே இருக்கிறது. டியூஷன் எடுப்பவர்கள், ரவிக்கை தைப்பவர்கள், இயங்கலையில் பலகாரம் விற்றுக் கணக்கெழுதுபவர்கள் இன்றும் அங்குதான் உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான். மாலையானால் தலைவலி வரும். கண்ணாடிக் கடைக்குப் போனேன். பவர் மாறவில்லை. “எந்த வெளிச்சத்துல வேலை செய்றீங்க?” என்று மட்டும் பரிசோதித்தவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கூரையைப் பார்த்தேன். விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எழுதும் தாளின் மேல் என் தலையின் நிழலே விழுந்துகொண்டிருந்தது.

பாட்டி காலத்துத் தோட்ட வீடுகளில், ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் மின்சாரம் இருக்கும். நடு வீட்டில் ஒரு குண்டு பல்பு, அதன் கீழ் எல்லோரும். விளக்கு என்றால் கூரையின் நடுவில்தான் என்ற பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்ததோ என்னவோ!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். விளக்கு தரும் ஒளியின் அளவு லூமன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். அலுவலக வேலைக்கு 300 முதல் 400 லக்ஸ் வேண்டும் என்கிறது எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரநிலை. பத்துக்குப் பத்தடி அறை என்பது ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 800 லூமன் தரும். அத்தனையும் தரையில் விழுந்தாலும் 86 லக்ஸ்தான். சுவரும் கூரையும் விழுங்கியது போக மேசைக்கு வருவது அதைவிடக் குறைவு.

அதற்காகக் கூரையில் இன்னும் மூன்று விளக்கு மாட்ட வேண்டியதில்லை. விளக்குக்கும் தாளுக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 400 லூமன் தரும் சிறிய மேசை விளக்கை ஒன்றரை அடி உயரத்தில் வைத்தாலே தேவையான வெளிச்சம் கிடைத்துவிடும். தினமும் ஐந்து மணி நேரம் எரியும் 8 வாட் விளக்குக்கு மாதம் 1.2 யூனிட்தான் ஆகும். ஒரு ரிங்கிட்டுக்குள் அடங்கும் செலவு இது. வலக்கையால் எழுதுபவர் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கை நிழல் எழுத்தின் மேல் விழாது. பல்பு நேராகக் கண்ணில் படாதபடி அதன் மூடி தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கூரை விளக்கை அணைத்துவிடாதீர்கள். இருட்டறையில் திரை மட்டும் பளிச்சென்று இருந்தால் கண் சீக்கிரம் களைத்துப்போகும்.

பெட்டியில் 6500கே என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். 3000கே மஞ்சள். வேலைக்கு 4000கே இதமாக இருக்கிறது என்பது என் அனுபவம். துணியின் நிறம் பார்த்துத் தைப்பவர்கள் சி.ஆர்.ஐ. எண்ணையும் பாருங்கள். 80க்குக் குறைந்தால் அரக்குக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம்; 90 இருந்தால் நல்லது.

இனி சன்னல். 1982 சனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றே கால் மணி வாக்கில்தான். மறைவது ஏழு மணிக்கு மேல்தான் பெரும்பாலும். மேற்குச் சன்னலை ஒட்டி மேசை போட்டவருக்கு நான்கு மணியிலிருந்து வெயில் முகத்திலேயே அடிக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், வடக்குச் சன்னலில் மே முதல் சூலை வரையும், தெற்குச் சன்னலில் நவம்பர் முதல் சனவரி வரையும்தான் வெயில் அதிகம் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் மென்மையான வெளிச்சம். அந்தப் பக்கச் சன்னல் இருந்தால் மேசையை அங்கே நகர்த்துங்கள். சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கூசும். இயங்கலைச் சந்திப்பில் உங்கள் முகமும் கறுத்துத் தெரியும்.

சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. மடிக்கணினியை அணைத்துவிட்டு, வழக்கம்போல் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் பல்போ சன்னலோ தெரிந்தால், தெரியாமல் போகும்வரை மேசையைத் திருப்புங்கள். அப்படியே மின்விசிறியையும் பாருங்கள். விளக்குக்குக் கீழே இறக்கை சுழன்றால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். எனக்குப் பாதித் தலைவலி அதனால்தான்.

கடைசியாக, பிளக். இயங்கலையில் மலிவாக வரும் சில விளக்குகளுக்கு இரண்டு கால் பிளக்தான் இருக்கும். பேனாவால் மேல் துளையைக் குத்திச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆபத்தான வேலை அது. சிரிம் முத்திரையுள்ள மூன்று கால் பிளக் பொருத்திய விளக்கைக் கேட்டு வாங்குங்கள். சிறுபிள்ளைகள் டியூஷனுக்கு வந்து உட்காரும் மேசை என்றால், வயரைச் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள்.