சாட் ரூமில் டைப் செய்தது மியூசியத்தில் ஒளிர்ந்தது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் விரைவில் கற்றுக்கொள்வது அரட்டை. முகம் தெரியாதவர்களோடு டைப் செய்தே பேசலாம். என்டர் கீயைத் தட்டினால் நம் வரி ஸ்கிரீனில் வரும். அடுத்தவர்கள் எழுத எழுத மேலே நகர்ந்து மறைந்துவிடும். மறைந்த வரி எங்கே போகிறது? இந்தக் கேள்வியை ஒரு கலைப் படைப்பாகவே மாற்றிக் காட்டினார்கள் இரண்டு அமெரிக்கர்கள்.

ஒருவர் மார்க் ஹான்சன், பெல் ஆய்வுக்கூடத்தில் புள்ளியியல் நிபுணராக இருந்தவர். மற்றவர் பென் ரூபின், ஒலிக் கலைஞர். இவர்களின் படைப்புக்குப் பெயர் 'லிசனிங் போஸ்ட்'. எதிரியின் நடமாட்டத்தை ஒட்டுக்கேட்க ராணுவம் அமைக்கும் காவல் முனையை இப்படிச் சொல்வார்கள். 2002 டிசம்பரில் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் இது பார்வைக்கு வைக்கப்பட்டது.

என்ன இருக்கிறது?

இருட்டான ஓர் அறை. அதில் 231 குட்டி ஸ்கிரீன்கள், வரிசைக்கு 21 வீதம் 11 வரிசைகளாக, வளைந்த திரைபோல் தொங்குகின்றன. இவை நம் வீட்டு மானிட்டர் போன்றவை அல்ல. கடைகளில் பில் போடும் மெஷினில் தொகை பச்சையாக ஒளிருமே, அந்த வகை. வாக்கியங்கள் இவற்றில் தோன்றி, ஓடி, மறைகின்றன. கம்ப்யூட்டர் குரல் ஒன்று சிலவற்றை வாசிக்கிறது. பின்னணியில் இசை.

எப்படி வேலை செய்கிறது?

முதல் வேலை சேகரிப்பு. ஆயிரக்கணக்கான பொது சாட் ரூம்களில் அந்த நேரத்தில் ஓடிய பேச்சை புரோகிராம் திரட்டியது. இரண்டாவது, பிரிப்பது. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, எது எதனோடு சேரும் என்று கணக்குப் போட்டது. மூன்றாவது, ஸ்கிரீனுக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்புவது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு சொல்லைத் தேடலாம், பட்டியலை வரிசைப்படுத்தலாம், எழுத்தைக் குரலாக மாற்றலாம். அதே வேலைகள்தாம் இங்கே பெரிய அளவில் நடந்தன. ஒரு பகுதியில், ஆங்கிலத்தில் 'நான் இன்னார்', 'நான் இப்படி இருக்கிறேன்' என்று தொடங்கும் வரிகள் மட்டும் பொறுக்கியெடுக்கப்பட்டன. தனித்தனியே பார்த்தால் அற்பமான வரிகள். ஒன்றுசேர்ந்து ஒளிர்ந்தபோது, எங்கெங்கோ தனியாக உட்கார்ந்து டைப் செய்பவர்களின் கூட்டுக் குரலாகிவிட்டன. 2004-ல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவில் தங்க நிகா விருது இதற்குக் கிடைத்தது.

நமக்கு இதில் என்ன?

டைப் செய்தவர்களுக்கு, தங்கள் வரி மியூசியத்தில் ஒளிர்கிறது என்று அந்த நேரத்தில் தெரிய வழியில்லை. நாலு பேரிடம் சொன்னதாக நினைத்தார்கள். கேட்டது ஓர் அரங்கம்.

இன்று கம்ப்யூட்டர் ஒருபடி மேலே போய், தானே வாக்கியம் அமைக்கிறது, படம் வரைகிறது. நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் 2022-ல் ரெஃபிக் அனாடோல் வைத்த 'அன்சூப்பர்வைஸ்ட்' என்ற படைப்பு, அந்த மியூசியத்தின் சேகரிப்பைக் கொண்டு பழக்கிய கம்ப்யூட்டர் உருவாக்கிய காட்சிகளால் ஆனது. அங்கே மூலப்பொருள் மியூசியத்தின் சொந்தச் சேகரிப்பு. ஆனால் இன்றைய எழுதும் புரோகிராம்கள் பழகியதில் பெரும்பகுதி, இன்டர்நெட்டில் பலரும் பொதுவில் எழுதி வைத்தவை.

எனவே டைப் செய்யும் முன் ஒன்றைப் பாருங்கள்: இது பொது இடமா, குறிப்பிட்டவர்கள் மட்டும் பார்க்கும் இடமா? பொது இடம் என்றால் போன் நம்பர், வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆகியவற்றை எழுத வேண்டாம். பிறகு நீங்கள் அழித்தாலும், அதற்குள் பிறர் எடுத்த நகல் அழியாது. தெருச் சுவரில் எழுதத் தயங்குவதை சாட் ரூமிலும் எழுதாதீர்கள்.

மற்றபடி தாராளமாக அரட்டை அடியுங்கள்!