ரூ.80 கடனில் பிறந்த அப்பளம்!

"வீட்டுல இட்ட அப்பளம்தானே!" என்று கடைக்காரர் அலட்சியமாகப் பேசுகிறாரா? கவலை வேண்டாம். உலகறிந்த 'லிஜ்ஜத்' அப்பளமும் வீட்டுச் சரக்காகத் தொடங்கியதுதான்!

மும்பை கிர்காமில் 1959-ல் 7 பெண்கள் கூடினார்கள். சமூக சேவகர் சகன்லால் பரேக்கிடம் ரூ.80 கடன் வாங்கினார்கள். மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் சரக்கு நாலே பாக்கெட்!

ஒரே தரம்

முதலில் உசத்தி ஒன்று, மட்டம் ஒன்று என இரண்டு தரம் போட்டார்கள். "அது கூடாது, தரம் ஒன்றுதான். கணக்கு வழக்கும் சுத்தமாக இருக்கணும்" என்பது பரேக் சொன்ன யோசனை. அதன்படியே நடந்தார்கள்.

பெயருக்குப் பரிசு

1962-ல் சரக்குக்குப் பெயர் தேடினார்கள். 'லிஜ்ஜத்' என்ற பெயர் தேறியது. குஜராத்தியில் ருசி என்று அர்த்தம். பரிசு 5 ரூபாய்!

அப்பளம் இடுவது இன்றும் வீடுகளில்தான். ஆனால் மாவு பிசைவது கிளையில். தரம் சோதித்த பிறகே பாக்கெட்!

சென்னையில் வடாம், வத்தல், பொடி போட்டு விற்கும் பெண்கள் கவனிக்கணும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். லேபிளில் அந்த எண், எடை, சேர்த்த பொருள்கள், தயாரித்த தேதி எல்லாம் இருக்கணும். லேபிளில் உள்ள எடை தராசிலும் இருந்தால், கடைக்காரர் தானாகவே ஆர்டர் தருவார்!