மென்படலங்களின் காந்தத் திசைச்சார்பு

மென்படலங்களின் காந்தத் திசைச்சார்பு என்பது, சில நானோமீட்டர் தடிப்பே உள்ள உலோகப் படலம் ஒன்றைக் காந்தமாக்கத் தேவைப்படும் ஆற்றல், அது காந்தமாக்கப்படும் திசையைப் பொறுத்து மாறுபடும் பண்பு ஆகும். மிகக் குறைந்த ஆற்றலில் காந்தமாகும் திசை எளிய அச்சு எனவும், மிகுந்த ஆற்றல் தேவைப்படும் திசை கடின அச்சு எனவும் அழைக்கப்படுகின்றன. எளிய அச்சு எத்திசையில் அமையும் என்பதில் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறை, அதாவது படிக அமைப்பு, முதன்மையான பங்கு வகிக்கிறது. கணினியின் வன்தட்டில் பதியப்பட்ட தரவு பல ஆண்டுகள் அழியாதிருப்பதற்கு இப்பண்பே அடிப்படையாகும்.

படிக அமைப்பும் எளிய அச்சும்

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றும் அறை வெப்பநிலையில் வலிமையாகக் காந்தமாகக் கூடியவை. எனினும் இவற்றின் படிக அமைப்புகள் வெவ்வேறானவை.

- இரும்பு: பொருள் மைய கனசதுரம். எளிய அச்சு கனசதுரத்தின் விளிம்பு வழியே அமைகிறது. உள்மூலைவிட்டம் கடின அச்சு ஆகும். திசைச்சார்பு ஆற்றலின் அளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 48,000 ஜூல்.
- நிக்கல்: முகப்பு மைய கனசதுரம். இரும்புக்கு நேர்மாறாக, உள்மூலைவிட்டமே எளிய அச்சு. அளவு ஏறத்தாழ 5,000 ஜூல்.
- கோபால்ட்: அறுங்கோண நெருங்கிய பொதிவு. அறுங்கோணத்திற்குச் செங்குத்தான ஒரே ஓர் அச்சே எளிய அச்சு. அளவு ஏறத்தாழ 5 இலட்சம் ஜூல்.

கனசதுரத்தில் ஒன்றற்கொன்று சமமான திசைகள் பல உள்ளன. ஆகவே திசைகளுக்கிடையேயான ஆற்றல் வேறுபாடு சிறியது. அறுங்கோண அமைப்பில் ஓர் அச்சு மட்டும் தனித்து நிற்பதால் வேறுபாடு பெரியது. ஒற்றைப் படிகங்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை சப்பானிய அறிவியலாளர்கள் கோட்டாரோ ஓண்டா, செய்சி காயா ஆகியோர் 1926இல் இரும்பிலும், காயா 1928இல் நிக்கலிலும் கோபால்டிலும் அளந்தனர்.

காரணம்

ஓர் உலோகத்தின் காந்தத்தன்மை பெரும்பாலும் எதிர்மின்னிகளின் தற்சுழற்சியிலிருந்து பிறக்கிறது. தற்சுழற்சி படிகத்தின் திசைகளை நேரடியாக உணர்வதில்லை. ஆனால் எதிர்மின்னியின் சுற்றுப்பாதை சுற்றியுள்ள அணுக்களின் மின்புலத்தால் குறிப்பிட்ட வடிவம் பெறுகிறது. தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், படிகத்தின் திசை சுற்றுப்பாதை வழியாகத் தற்சுழற்சியைச் சென்றடைகிறது. பிளாட்டினம் போன்ற கனமான அணுக்களில் இப்பிணைப்பு மிகவும் வலிமையானது.

மென்படலத்தில் போட்டியிடும் விளைவுகள்

மென்படலத்தில் படிக அமைப்பு தனித்துச் செயல்படுவதில்லை. அதனுடன் மேலும் மூன்று விளைவுகள் சேர்கின்றன.

வடிவம்: காந்தமாக்கம் படலத்திற்குச் செங்குத்தாக நின்றால், மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரெதிர்க் காந்த முனைகள் தோன்றி ஆற்றலைக் கூட்டுகின்றன. கோபால்ட் படலத்தில் இக்கூடுதல் ஆற்றல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் ஜூல். படிகம் அளிக்கும் 5 இலட்சத்தை விட இது மிகுதி. எனவே படிகத்தின் எளிய அச்சு செங்குத்தாக இருந்தாலும், சற்றுத் தடித்த கோபால்ட் படலத்தில் காந்தமாக்கம் பெரும்பாலும் படலத்தின் தளத்திலேயே படுத்துவிடுகிறது.

பரப்பு: பரப்பில் உள்ள அணுவுக்கு ஒரு பக்கத்தில் அண்டை அணுக்கள் இல்லை. இதனால் அங்குத் தனியான திசைச்சார்பு தோன்றும் என்று பிரான்சிய இயற்பியலாளர் லூயி நீல் 1954இல் விளக்கினார். 50 அணு அடுக்குகள் கொண்ட படலத்தில் பரப்பு அடுக்குகள் இரண்டும் சேர்ந்து 4 விழுக்காடு மட்டுமே. 5 அடுக்குகள் கொண்ட படலத்திலோ அவை 40 விழுக்காடு. ஆகவே படலம் மெலியமெலியப் பரப்பின் பங்கு ஓங்குகிறது. பிளாட்டினம் அல்லது பல்லேடியம் அடுக்குகளுக்கிடையே ஏறத்தாழ 1 நானோமீட்டருக்கும் மெல்லியதாக இடப்படும் கோபால்ட், இக்காரணத்தால் செங்குத்தாகக் காந்தமாகிறது.

தகைவு: செம்பின் அணு இடைவெளி நிக்கலினதை விட ஏறத்தாழ 2.5 விழுக்காடு பெரியது. செம்புப் படிகத்தின் கனசதுர முகத்தின் மேல் வளர்க்கப்படும் நிக்கல், அதனுடன் பொருந்துவதற்காகப் பக்கவாட்டில் விரிந்து, உயரத்தில் சுருங்குகிறது. கனசதுரச் சமச்சீர் இவ்வாறு குலைவதால் செங்குத்து எளிய அச்சு உருவாகிறது. ஏறத்தாழ 7 அடுக்குகளுக்குக் கீழ்த் தளத்தில் கிடக்கும் காந்தமாக்கம், அதற்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. இது மெல்லிய கோபால்ட் அடுக்கில் காண்பதற்கு நேர்மாறானது.

எடுத்துக்காட்டு: இரும்பு-பிளாட்டினம்

இரும்பும் பிளாட்டினமும் சம அளவில் கலந்த உலோகக் கலவையில், அணுக்கள் ஒழுங்கின்றிக் கலந்திருந்தால் திசைச்சார்பு மிகக் குறைவு. அதே கலவையைச் சூடான அடித்தளத்தின் மேல் வளர்த்தாலோ, பின்னர் பல நூறு பாகை செல்சியசுக்குச் சூடேற்றினாலோ, இரும்பும் பிளாட்டினமும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளில் அமைகின்றன. அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் படிகம் ஏறத்தாழ 4 விழுக்காடு குறுகுகிறது. அதுவே எளிய அச்சும் ஆகிறது. திசைச்சார்பு கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 இலட்சம் ஜூல் வரை உயர்கிறது. வடிவத்தின் எதிர்ப்பை இது எளிதில் வெல்கிறது. சேர்மானம் மாறவில்லை, அணுக்களின் வரிசை மட்டுமே மாறியது என்பது இங்குக் கருதத்தக்கது. மக்னீசியம் ஆக்சைடு படிகத்தை அடித்தளமாகக் கொண்டால், இவ்வச்சு படலத்திற்குச் செங்குத்தாக அமையுமாறு செய்யலாம்.

பயன்பாடுகள்

தரவு பத்தாண்டுகள் நிலைத்திருக்க, ஒரு காந்தத் துகளின் திசைச்சார்பு ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணிப்பு. வடிவ விளைவைத் தவிர்த்துக் கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் கோபால்ட் துகளின் பக்கம் குறைந்தது 8 நானோமீட்டர் இருக்க வேண்டும். ஒழுங்கமைந்த இரும்பு-பிளாட்டினத்திற்கு 3 நானோமீட்டரை ஒட்டிய அளவே போதும். துகள் சிறுத்தால் அதே பரப்பில் கூடுதல் தரவைப் பதியலாம்.

செங்குத்துப் பதிவு முறையைச் சப்பானின் சுனிச்சி இவாசாக்கி 1977இல் முன்வைத்தார். அம்முறையிலான வன்தட்டைத் தோசிபா நிறுவனம் 2005இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரும்பு-பிளாட்டினத்தின் திசைச்சார்பு மிக வலிமையானதால், வழக்கமான எழுதுமுனையால் அதன் காந்தத் திசையைத் திருப்ப இயலாது. ஆகவே லேசர் கொண்டு துகளைக் கணநேரம் சூடாக்கி எழுதும் முறை உருவாக்கப்பட்டது. இம்முறையில் இயங்கும், 30 டெராபைட்டு அளவிலான வன்தட்டுகளைச் சீகேட் நிறுவனம் 2024இல் அறிவித்தது.